ஹனீபா அண்ணன் ரசித்த கறை

மலாக்கா நீரிணைக் கரையிலுள்ள ஜார்ஜ் டவுனில் பழைய கல்வீட்டு ரசிகர் என்றொரு பிராணி உண்டு. புறாவைப் போல எந்த இடிந்த கட்டடத்திலும் தென்படும். ஆனால் புறா அங்கே குடியிருக்கும், இது இருக்காது.

பூப்போட்ட பாத்திக் சட்டையும் தொங்கும் கேமராவுமாக வந்து, பூச்சு உதிர்ந்த சுவரைக் கண்டதும் "ஸ்ஸ்..." என்று மூச்சை உள்ளிழுத்து, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புலா, இப்ப எவன் கலக்குறான்?" என்று பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரரிடம் தமிழிலேயே கேட்டுவிட்டுத்தான் நகரும். வசிப்பது எங்கே என்கிறீர்களா? ஊருக்கு வெளியே பாயான் லெப்பாஸில், புது அடுக்குமாடியின் இருபத்திரண்டாம் மாடியில். அங்கே குளியலறையில் மயிரிழை அளவு கீறல் விழுந்தால் நிர்வாகத்துக்கு ஒரே நாளில் ஏழு முறை போன் போகும்.

நம் ஹனீபா அண்ணன் இந்த இனத்தின் தலைமகன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்புறச் சந்தில் அவருடைய வாப்பா விட்டுப்போன கல்வீடு இருக்கிறது. அதில் வாடகைக்கு இருந்து துணி தைக்கிறார் ரொஸ்னா அக்கா. மழை வந்தால் தையல் மெஷின் மேலேயே ஒழுகும். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம். நாற்பது உடுப்பு தைத்தாக வேண்டும், ஒன்றில் கறை விழுந்தாலும் பேர் கெட்டுவிடும். ஓடு மாற்றித் தரச்சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறார். "பொறுங்கக்கா, பழைய கூரைக்குன்னு ஒரு அழகு இருக்குலா!" என்று போனிலேயே பதில் வரும். நேரில் வந்து பார்த்தாரா? அதற்கெல்லாம் ரசிகருக்கு ஏது நேரம்!

போன சனிக்கிழமை ஓவியர் அதிராவின் கண்காட்சி. ஊர்க் கல்வீடுகளை வண்ணத்தில் தீட்டியும், செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்தும் மாட்டியிருந்தார். படத்துக்கொரு பெருமூச்சாக விட்டுக்கொண்டு வந்த அண்ணன், கடைசி அச்சுப்படத்தின் முன் உறைந்து நின்றார். ஓடு சரிந்த அறை, சுவர் நெடுகக் கறை, தரையில் ஒரு வாளி.

"யா அல்லாஹ்! இந்தக் கறையைப் பாருங்க, நூறு வருஷத்து மழை வரைஞ்சது!"

"நூறு வருஷம் இல்லண்ணே, போன வருஷம் பேஞ்சது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரொஸ்னா அக்காதான். வரைய இடம் கொடுத்ததற்காக அதிரா அவரை அழைத்திருந்தார்.

அண்ணன் படத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. "எங்க உள்ள வீடு இது? மலாக்காவா?"

"உங்க வீடுதாண்ணே," என்றார் அதிரா. "அந்த வாளி அக்காவோடது."

அக்காவின் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. அங்கே நின்ற எனக்கும் நம்பிக்கைதான், இன்றோடு ஒழுகல் தீர்ந்தது என்றே நினைத்தேன். அண்ணனுக்குக் கண் கலங்கியது உண்மை. படத்தைத் தமக்கென்று அங்கேயே சொல்லிவைத்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நல்லவேளை மாத்தலக்கா! இனிமே ஒரு ஓடு கூட மாத்தக்கூடாது. படத்துல வந்துருச்சுல்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் தட்டினேன்.

படம் இப்போது அண்ணன் வீட்டில், ஈரம் படாதிருக்க இரவுபகலாக ஏர்கோன் ஓடிக் குளிரும் அறையில் இருக்கிறது. அக்கா மெஷினுக்கு மேல் தார்ப்பாய் கட்டித் தைக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் போனில் இருக்கும் பழைய வீட்டுப் படங்களையும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். கொடியில் காய்ந்த துணி அழகைக் கெடுக்கிறதென்று ஓரத்தை வெட்டினீர்களே, அது யாருடைய துணி?