கண்ணாடிக்கு அடியில் பதினோரு சான்றிதழ்கள்

விஞ்ஞான டீச்சரின் மேஜைக்குக் கண்ணாடி வந்து மூன்று நாளாகியும், மீதி சாருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

மேஜைக்குக் கண்ணாடி போடுவது குற்றமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு அடியில் பதினோரு பயிற்சிச் சான்றிதழ்கள் இருந்தன. அத்தனையும் எதிர் நாற்காலியிலிருந்து படிக்க வசதியாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. எதிர் நாற்காலி மீதி சாருடையது. நிமிர்ந்தால் தங்க முத்திரை, குனிந்தால் சிவப்பு நாடா. மனுஷன் எங்கேதான் பார்ப்பான்?

மீதி சார் கணக்கு வாத்தியார். 'மீதியை வீட்ல போட்டுட்டு வாங்க' என்று இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வகுப்பையும் முடித்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஆசிரியர் அறைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணம் சுவரில் தொங்கியது. ஒவ்வோர் ஆசிரியரும் எத்தனை மணி நேரம் பயிற்சி முடித்திருக்கிறார் என்று வண்ணப் பென்சிலால் தீட்டிக் காட்டும் அட்டை அது. விஞ்ஞான டீச்சரின் பச்சைக் கோடு அட்டையைத் தாண்டிச் சுவரில் போய்க்கொண்டிருந்தது. மீதி சாரின் கோடு கட்டைவிரல் நகம் அளவு. நாலு மணி நேரம். அதுவும் முதலுதவிப் பயிற்சியில் கட்டுப்போட ஆள் வேண்டுமென்று அவரைப் படுக்கவைத்த நாலு மணி நேரம். அதில் மூன்றரை மணி தூங்கியிருந்தார்.

துணைத் தலைமையாசிரியர் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருடைய சுழல் நாற்காலியில் யாரும் இல்லாதபோது இரண்டு முறை உட்கார்ந்து சுற்றிப் பார்த்தவர் மீதி சார். அனுபவத்தில் அடுத்தவர் அவர்தான். ஆனால் தலைமையாசிரியை கூட்டத்தில் சொல்லிவிட்டார்:

"ஐம்பது மணி நேரம் முடிக்காதவங்க பேரை நான் மேலிடத்துக்கு அனுப்ப மாட்டேன். அனுபவம் எல்லாம் அதுக்கப்புறம்தான்."

"எனக்குப் பதினோராவது போன வாரம்தான் வந்துச்சு, மேடம்" என்றார் விஞ்ஞான டீச்சர். யாரும் கேட்கவில்லை. தானாகவே சொன்னார்.

மீதி சார் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

மறுநாள் அவர் மேஜைமேல் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. 'வகுப்பறையில் குரலும் மூச்சும். செல்போனிலேயே படிக்கலாம்.' யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சேர்ந்தார்.

வீடியோவை ஓடவிட்டு, போனை மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டு, நோட்டுத் திருத்தினார். மணி நேரம் தானாக ஏறும் என்பது திட்டம். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு இழுப்பறை பேச ஆரம்பித்தது.

"இருக்கிறீர்களா? இருந்தால் வாயைப் பெரிதாகத் திறந்து 'ஆ' சொல்லுங்கள்!"

ஆசிரியர் அறை மொத்தமும் திரும்பியது. சாவியைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை.

"ஆ... இன்னும் பலமாக! ஆ...!"

"சார், நாற்காலியை விட்டு எழுந்திருச்சு சொன்னா இன்னும் நல்லா வரும்" என்றார் விஞ்ஞான டீச்சர். சொல்லிவிட்டு ஒரு நீல நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

'போட்டுக்கொடுக்கக் குறிப்பெடுக்கிறாள்' என்று மீதி சார் பல்லைக் கடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை மனைவியிடம் நீட்டினார். "பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா இதை அமுக்கு. அவ்வளவுதான் வேலை."

"என்னங்க, கேள்வி எல்லாம் கேக்குதே?"

"தோணுறதை எழுது. யாரு படிக்கப் போறா?"

மனைவிக்கு வீடியோ பிடித்துப்போயிற்று. ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே போட்டுக்கொண்டார். ஆறு மணி நேரம் ஏறியது. மீதி சார் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, சுழல் நாற்காலியில் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார்.

அந்த வாரக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு தாளோடு வந்தார்.

"பயிற்சி நிலையத்துலேர்ந்து அனுப்பியிருக்காங்க. நம்ம சார் எழுதின பதிலாம். 'ஓர் ஆசிரியரிடம் நீங்கள் கண்ட குறை என்ன?' கேளுங்க: 'அவர் கேள்வி கேட்பார். அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பிறகு யாருமே பேசுவதில்லை என்று குறைபட்டுக்கொள்வார். இருபது வருடமாக இந்த மனிதரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர் யாரும் இல்லை.'"

தலைமையாசிரியை தாளை மடித்தார். அப்புறம் கைதட்டல்.

"தன்னையே இப்படி விமர்சிக்க எவ்வளவு தைரியம் வேணும், சார்!" என்று தலைமையாசிரியை உருகினார்.

இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். விஞ்ஞான டீச்சர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். நீல நோட்டு மறுபடி திறந்தது.

மாலையில் வீட்டில் குதித்தார். "என்னைப் பத்தியா எழுதுவே?"

"தோணுறதை எழுதுன்னு நீங்கதானே..."

"நான் சொன்னது என்னன்னா..."

"பாருங்க, இப்பவும் என்னை முடிக்க விடலை" என்று மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே உங்க பாடத்தை நீங்களே படிங்க. நான் என் பேர்ல வேற ஒண்ணுல சேர்ந்துட்டேன்."

பயிற்சியின் அடுத்த கட்டம் இன்னும் மோசம். சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுத வேண்டுமாம். மீதி சாரின் ஓய்வுப் பாடவேளையில் நடக்கும் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். விஞ்ஞான டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். ஒரு விநாடி, இரண்டு, மூன்று... மீதி சாருக்கு நாக்கு அரித்தது. ஏழாவது விநாடியில் ஒரு கை எழுந்தது. பின்னால் இன்னும் நாலு கை.

மீதி சாருக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வகுப்பில் எழுந்த கைகள் எல்லாம் தண்ணீர் குடிக்கப் போகக் கேட்ட கைகள். சும்மா நிற்பதில்கூடவா ஒருத்தி நம்மை ஜெயிப்பாள்?

மணி அடித்தது. எழ முயன்றார். முழங்கால் பெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விஞ்ஞான டீச்சர் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு டீச்சர் ஒருபக்கமும் பையன்கள் மறுபக்கமும் இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள்.

மறுநாள் தன் வகுப்பில் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, "இதுக்கு விடை என்ன?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். பதில் தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. முகம் சிவந்தது. நெற்றியில் வியர்வை.

"சாருக்கு என்னமோ ஆகுதுடி!" என்றாள் முன் வரிசையில் ஒருத்தி.

"பேச்சு நின்னுபோச்சு! பெஞ்சுல படுக்க வைங்க!"

வாயைத் திறந்தால் விடை வந்துவிடும். எனவே திறக்கவில்லை. படுக்கவைத்தார்கள். காலைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ தலையில் கைக்குட்டையைக் கட்டினார்கள். படுத்துப் பழக்கப்பட்டவர் என்பதால் ஒத்துழைத்தார். அந்தக் களேபரத்தில், வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... ஏழில் மூணா?" என்றாள்.

மீதி சார் கட்டுப்போட்ட தலையோடு எழுந்து உட்கார்ந்தார். சரியான விடை. அவர் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. வாசலில் விஞ்ஞான டீச்சர் நீல நோட்டோடு நின்றதைக்கூட அன்று அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு மீதி சாரைப் பிடிக்க முடியவில்லை. விஞ்ஞான டீச்சர் ஒரு வகுப்பு பார்த்தால் இவர் இரண்டு பார்த்தார். அவர் ஒரு புத்தகம் எடுத்தால் நூலகத்தில் அதன் அடுத்த பாகத்தை இவர் எடுத்தார். ஒருநாள் மணி அடித்தபோது கணக்குகள் எல்லாம் வகுப்பிலேயே முடிந்திருந்தன. பிள்ளைகள் பையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன? போங்க."

"சார், மீதி?"

"மீதி இல்லை" என்றார். சொல்லிவிட்டு, கரும்பலகையை அவரே துடைத்தார்.

மாதக் கடைசியில் அவர் கோடு ஐம்பத்தாறைத் தொட்டது. ரப்பரை எடுத்து மனைவியின் ஆறு மணி நேரத்தை அழித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா? சரியாக ஐம்பது நின்றது.

வருடக் கடைசியில் உத்தரவு வந்தது. துணைத் தலைமையாசிரியர் அவர்தான். அலுவலக டைப்பிஸ்ட் அம்மா உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவர் சுழல் நாற்காலியில் உரிமையோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? பதினோரு சான்றிதழ், மேஜைக்குக் கண்ணாடி, நீல நோட்டு! கடைசியில யாரு ஜெயிச்சது? போட்டின்னு வந்துட்டா நான் விடமாட்டேன். பாவம், அந்த டீச்சர் முகத்தை நான் எப்படிப் பாக்குறது?"

டைப்பிஸ்ட் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

"போட்டியா? அவங்க மனுவே போடலையே, சார்! 'படிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற ஆசிரியரைப் பொறாமையைக் கிளப்பிப் படிக்க வைக்கிறது எப்படி'ன்னு ஆராய்ச்சி எழுதி, பயிற்சி நிலையத்துக்கே தலைவியாப் போறாங்க. நான்தான் டைப் அடிச்சேன், அறுபது பக்கமும் நீங்கதான். போட்டோவுல முகத்தை மறைச்சிருக்காங்க, ஆனா பெஞ்சுல மாட்டின முழங்காலை மறைக்கலை."