நேற்று போட்டது, இன்று காலாவதி

"நேத்து சாயங்காலம் போட்டது இன்னைக்குக் காலையில எப்படித் தாயி காலாவதி ஆகும்? இது என்ன பாக்கெட் பாலா?"

அச்சக முதலாளி காளிராஜ் அண்ணாச்சி, டிசைன் போடும் பொன்மணியிடம் கேட்டார். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றிருந்தது. உங்களுக்குக் கொடுத்த அவகாசம் முடிந்துவிட்டது, இனிமேல் பதிவு செய்யாமல் உள்ளே விட முடியாது என்று அது இங்கிலீஷில் சொன்னது. பொன்மணி அதைத் திரும்பத் திரும்பப் படித்து அர்த்தம் சொன்னாள். எத்தனை தடவை படித்தாலும் அதே அர்த்தம்தான் வந்தது.

"மூடித் தொறந்து பாரு."

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

"கரண்டப் புடுங்கிச் சொருகு."

"அதையும் பாத்தாச்சு."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எழுந்தார். அவரை உட்கார விடாதது கம்ப்யூட்டர் இல்லை, ஆடிப் பதினெட்டு.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவர்களுக்கு ஆடிப் பதினெட்டுதான் பெரிய நாள். அன்றைக்குக் காலையில் அடுத்த வருசத்து டிசைன்களை ஆல்பமாகக் கட்டிப் பூசை போட்டு, ஏஜெண்டுகள் முன்னால் விரித்துவிட வேண்டும். முருகன், லட்சுமி, கன்னத்தில் குழி விழுகிற குழந்தை, எந்த ஊர் என்றே தெரியாத ஓர் அருவி. ஆர்டர் விழுந்தால் தை வரைக்கும் மிஷின் ஓடும். விழாவிட்டால் மிஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு முதலாளியும் வீட்டில் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் பாதிக்கு மேல் வேலை கொடுப்பவர் திருநெல்வேலிப் பக்கத்து ஏஜெண்ட் செல்லச்சாமி. அப்பா காலத்துப் பழக்கம். அந்த மனிதர் போன வாரம் போனில் ஒரு குண்டைப் போட்டிருந்தார்.

"இந்த வருசம் சபரிநாதன் ஆல்பத்தையும் ஒரு பார்வை பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. தப்பா நெனைக்காதீக. எது நல்லா இருக்கோ அதுக்குத்தான் ஆர்டர்."

சபரிநாதன் எதிர்த் தெரு அச்சகக்காரர். அவர் ஆபீசில் புது விண்டோஸ் போட்டுவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு.

போடலாமா, வேண்டாமா என்று அண்ணாச்சி பொங்கலிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் கடை புகழேந்தியிடம் கேட்டார். "அருமையா இருக்கும்" என்றான். விற்கிறவன் வேறு எதைச் சொல்வான்? கோயிலில் பார்த்தபோது சபரிநாதனிடமே கேட்டார். "ரொம்ப அருமையா இருக்கு" என்றார் அவர். எதிரி இவ்வளவு நல்லதாகச் சொன்னதில் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்து, இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போட்டார். கடைசியாக மனைவி சுகிர்தாவிடம் கேட்டார்.

"பழசு என்ன தொந்தரவு பண்ணுது?" என்றாள் அவள்.

"தொந்தரவுன்னு ஒண்ணும் இல்ல."

"பெறகு எதுக்கு மாத்தணும்?"

"ஒண்ணும் பண்ணலங்கிறதுக்காக இருக்கிறத வச்சே காலத்த ஓட்டிர முடியுமா?"

"நான் ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஆனால் பழசில் தொந்தரவு இல்லாமலும் இல்லை. பெரிய முருகன் படத்தைத் திறந்தால் முதலில் வேல் தெரியும். டீ குடித்துவிட்டு வந்தால் முருகன் முகம் தெரியும். மயில் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். மயில் வருவதற்குள் செல்லச்சாமி எதிர்த் தெருவுக்குப் போய்விடுவார் என்று தோன்றிய அன்றைக்குத்தான் அண்ணாச்சி முடிவெடுத்தார். முடிவெடுத்துவிட்டால் அவர் திரும்பிப் பார்க்கிற ஆள் கிடையாது.

புகழேந்தி சாயங்காலம் வந்து புதுசைப் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலை நல்ல நேரத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். மவுசுக்கும் ஒரு பொட்டு. அடியில் விளக்கு எரிகிற இடத்தில் பொட்டு வைத்ததால் மவுசுக்குக் கண் தெரியாமல் போய், பொன்மணி துடைத்துவிட வேண்டியதாயிற்று. எல்லாம் முடிந்து அண்ணாச்சி திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"புகழேந்தி தேதியக்கூட ஒழுங்கா வைக்கல பாத்தியா? எந்திரி தாயி. இத நான்தான் போடுவேன்."

வீட்டுக்கு நிலை வைக்கும் பயபக்தியோடு அவரே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேதியைத் திருத்தினார். மூடித் திறந்தார்கள். அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது.

இப்போது புகழேந்திக்குப் போன் போட்டார். அவன் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தான். பஸ் இரைச்சலுக்கு நடுவே கத்தினான்.

"அண்ணாச்சி, தேதி சரியா இருக்கான்னு பாருங்க!"

"காலண்டர் கம்பெனிக்காரன்ட்ட வந்து தேதி கேக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"சரி சரி, அப்ப அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுங்க. பொன்மணிக்குத் தெரியும்."

பொன்மணி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசியில் அண்ணாச்சி வந்து தன் கையால் தேதி போட்டார். மறுபடியும் காலாவதி. கூடுதலாக, தமிழ் எழுத்துகள் எல்லாம் அழிந்துபோய், 'ஸ்ரீ லட்சுமி கடாட்சம்' என்று இருந்த இடத்தில் நண்டு ஊர்ந்த மாதிரி ஏதோ கிடந்தது.

"பதிவு செய்யணும்னுதான கேக்குது? செஞ்சிருவோம்" என்றார் அண்ணாச்சி. போன் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகி இண்டர்நெட் வழியாகப் பதிவு செய்யப் பார்த்தார்கள். கீச்சு மூச்சென்று கத்திவிட்டு, முடியாது என்றது. அண்ணாச்சி விடவில்லை. அன்றைக்கு முழுக்க அது கத்த, இவர் சொருக, சாயங்காலம் வயரைப் பிடுங்கின மறு நிமிசம் போன் அடித்தது. செல்லச்சாமி.

"என்ன அண்ணாச்சி, காலையில இருந்து அடிக்கேன், எங்கேஜாவே இருக்கு! ஆடிப் பதினெட்டுக்கு எத்தன மணிக்கு வாறதுன்னு கேக்கத்தான் அடிச்சேன். நீங்க எடுக்கல. சபரிநாதன் எடுத்தாரு. மொதல்ல அங்கன வாறேன்னு சொல்லிட்டேன்."

அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா கட்டிக் கொடுத்த பழக்கம், ஒரு போன் வயரில் அறுந்துபோகிறதே என்றிருந்தது.

"போதும். பழசையே போட்டுருவோம்" என்றார்.

பழசின் சி.டி.யைத் தேடினால் ஆபீசில் இல்லை. வீட்டுக்கு ஓடினார்.

"அதா? கொய்யா மரத்துல கெடக்கு" என்றாள் சுகிர்தா.

"மரத்துலயா?"

"கிளி வந்து பழத்தக் கொத்துதுன்னு கட்டி விட்டேன். நீங்கதான, இனிமே இதுக்கு வேலையில்லன்னு சொல்லி வீட்டுல கொண்டாந்து போட்டீக?"

வேட்டியை மடித்துக் கட்டி அண்ணாச்சியே மரத்தில் ஏறி அவிழ்த்தார். கிளி கொத்தியதோ, காற்றில் கிளையில் உரசியதோ, சி.டி. முழுக்கக் கோடு. ஆனாலும் துடைத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். உள்ளே மாவரைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமும் நின்றது. சி.டி. வெளியே வரவில்லை, தட்டும் திறக்கவில்லை. இப்போது புதுசும் இல்லை, பழசும் இல்லை.

"வீட்டுக்குப் போகட்டா அண்ணாச்சி? வேன் வந்திருச்சு" என்றாள் பொன்மணி.

"போ தாயி. ஆனா ஒண்ணு. நான் இத விடப்போறதில்ல."

மறுநாள் புகழேந்தி வந்து இறங்கினான். மடிந்த கம்பி ஒன்றை விட்டுத் தட்டைத் திறந்து சி.டி.யை எடுத்தான். ஒட்டியிருந்த கொய்யா இலையை ஒன்றும் கேட்காமல் கீழே போட்டான். பிறகு திரையைப் பார்த்தான். வலது ஓரத்தைப் பார்த்தான். அண்ணாச்சியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன வருசம்?"

"என்ன கிண்டலா? ரெண்டாயிரத்து எட்டு."

"பொன்மணி, நீ சொல்லு."

"ரெண்டாயிரத்து எட்டுதான்" என்றாள் அவள். உள்ளே மிஷினில் நின்றிருந்தவரும் "எட்டு, எட்டு" என்றார்.

"ஊரெல்லாம் இன்னும் ரெண்டாயிரத்து ஏழுலதான் இருக்கு அண்ணாச்சி. நீங்க மட்டும் ஒரு வருசம் முன்னால போயிட்டீக. ஒரு வருசமா பதிவு செய்யாம இருக்காகன்னு நெனச்சு அது கதவச் சாத்திருச்சு!"

தையிலிருந்து அந்தக் கட்டடத்தில் யாரும் வேறு வருசத்தைப் பார்க்கவில்லை. அடித்ததெல்லாம் 2008, வெட்டியதெல்லாம் 2008. பழைய கம்ப்யூட்டர் பாவம், என்ன வருசம் போட்டாலும் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தது. புதுசுக்கு ரோசம் அதிகம்.

புகழேந்தி வருசத்தை மாற்றினான். பெட்டி போய்விட்டது. தமிழ் எழுத்துகளையும் போட்டுக் கொடுத்தான். பொன்மணி முருகன் படத்தைத் தட்டினாள். வேல், முகம், மயில் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "அடேயப்பா!" என்றார் அண்ணாச்சி. அந்தச் சந்தோசம் புகழேந்தி வாசல் தாண்டும் வரைதான். வாசலைத் தாண்டியதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தது உள்ளே கேட்டது.

அவமானம் பிடுங்கித் தின்றது. காலண்டர்காரனுக்கு என்ன வருசம் என்று தெரியவில்லை! இது சபரிநாதன் காதுக்குப் போனால்? செல்லச்சாமி காதுக்குப் போனால்? அன்றைக்கு மத்தியானம் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மனசைத் தேற்றிக்கொண்டார். சிவப்புப் பேனா ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் குத்தினார்.

"இனிமே என் கண்ணுல படாம ஒரு பக்கம் மிஷினுக்குப் போகாது. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டா."

பக்கம் பக்கமாகப் பார்த்தார். தப்பு பட்ட இடத்தையெல்லாம் சுழித்துத் தள்ளினார். பொன்மணி திருத்தித் திருத்திக் கொடுத்தாள். நடுவில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த எடத்துல மட்டும்..."

"பேசாத தாயி. காலையில நீயும்தான ஆமா போட்ட? சுழிச்சத மாத்து, அது போதும்."

அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? மாற்றினாள். பிளேட் போட்டார்கள். அச்சடித்தார்கள். கண்ணாடிக் காகிதம் ஒட்டி ஆல்பமும் கட்டியாயிற்று.

ஆடிப் பதினெட்டு காலையில் பூசை முடிந்து, சர்க்கரைப் பொங்கல் வாசத்தோடு அச்சகம் காத்திருந்தது. பதினோரு மணிக்குச் செல்லச்சாமியின் கார் வந்தது. டிரைவர் சுந்தரபாண்டியும் கூட உள்ளே வந்தார்.

"சபரிநாதன்ட்ட பாத்துட்டுத்தான் வாறேன்" என்று சொல்லிக்கொண்டே செல்லச்சாமி உட்கார்ந்தார். அண்ணாச்சி ஆல்பத்தை நீட்டினார்.

செல்லச்சாமி ஒரு படத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். முருகனில் நின்றுவிட்டார். மயிலைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னமா வந்திருக்கு அண்ணாச்சி! மயிலு நம்மளயே பாக்கிற மாதிரி இருக்கு. சபரிநாதன் மயிலு கோழி மாதிரில்ல நிக்கி!"

"புது விண்டோஸ் போட்டோம்லா" என்றார் அண்ணாச்சி, இதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

"நல்லதா அது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாகளே."

"போடலாம், தாராளமாப் போடலாம். ஆனா போட்டுட்டு மனுசன் கண்ணக் கொடுத்துப் பாக்கணும். இந்த ஆல்பத்துல ஒரு பக்கம் விடாம நானே பாத்துத் திருத்தியிருக்கேன். ஒரு தப்பு கண்டுபிடிங்க பாப்போம்."

"எனக்கு எதுக்கு அந்த வேல? நம்ம பழக்கம் இன்னைக்கு நேத்தா? ஆர்டர் ஒங்களுக்குத்தான். மொத்தமும்."

அண்ணாச்சி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சுகிர்தா பொங்கலைக் கொண்டுவந்து வைத்தாள். செல்லச்சாமி கை நனைக்க எழுந்தார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த சுந்தரபாண்டி, ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, தீபாவளி எந்தக் கிழமை வருகிறது என்று பின்பக்கமாகப் புரட்டினார். திரும்ப முன்பக்கம் வந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே குனிந்து பார்த்தார்.

"இதுல எல்லாத்துலயும் 2007ன்னுல்ல போட்டிருக்கு, அடுத்த வருசத்து ஆல்பத்த எங்கன அண்ணாச்சி வச்சிருக்கீக?"