சூரியனுக்குச் சட்டி தேடியவர்

சூரியனை ஊற்றி வைக்கச் சட்டி வாங்கப்போகிறேன் என்று ஒடுகத்தூர் சந்தைக்குப் போன ஆள், ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தர்தான். எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சூரியச்சட்டி சார்.

பட்டணத்து ஆராய்ச்சிக்காரர். யோசிக்க அமைதி வேண்டும் என்று மலையேறி வந்தவர். களி கிண்டிப் போடுவது நான்.

“மேலயே ஒண்ணு எரிஞ்சிக்கினு கீதே சாரே, இன்னாத்துக்கு இன்னொண்ணு?”

“கரண்டுக்கும்மா. சூரியனுக்குள்ள நடக்கிறதை ஒரு பாத்திரத்துக்குள்ள நடத்தணும். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது. உள்சுவர் முழுக்க உருகின உலோகம் போர்வை மாதிரி ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு இடத்துல ஓட்டம் அறுந்தாலும் பாத்திரம் போச்சு.”

மலையில் உருகின உலோகத்துக்கு எங்கே போவது? என் கேழ்வரகுக் கூழ்தான் அகப்பட்டது. அடுப்பில் காய்ந்த சட்டியின் உள்சுவரில் கூழை வழியவிடுவார். அது நாலு கோடாகப் பிரிந்து இறங்கும். நடுவில் காய்ந்த இடம் படீரென்று விரியும். வாரத்துக்கு மூன்று சட்டி. “உங்க வூட்ல வாராவாரம் கல்யாணமாங்க?” என்று குயவரே கேட்டாராம்.

ஒருநாள் கடிதம் வந்தது. மேலதிகாரி வருகிறார். வழி கிடைத்திருந்தால் பட்டணத்தில் வேலை தொடரும். இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கே பூட்டு. சார் சோறு தண்ணி இல்லாமல் வாசலில் உட்கார்ந்து பனியையே பார்த்தார். பனி மரங்களைச் சுற்றிச் சுற்றி நகர்ந்தது. அதில் அவரும் பாதி கரைந்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் என் புதுச்சட்டியை அடுப்பில் விரியாமல் இருக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். கஞ்சியை ஊற்றி, அனல் மேல் பிடித்து, துணியால் விளிம்பைப் பற்றிச் சுழற்ற வேண்டும். கஞ்சி சுவரேறிச் சுற்றும், நடுவில் பள்ளம் விழும். எட்டிப் பார்த்தவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

“நிறுத்தாதேம்மா! சுவர்ல ஒரு இடம்கூடக் காயல! சுத்து!”

“கை கழண்டுடும் சாரே!”

“கழண்டா நான் மாட்டி விடறேன், சுத்து!”

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கிய காலையிலும் நான்தான் சுழற்றினேன். குனிந்து பார்த்த மனிதரின் கண்ணாடியில் ஆவி படிந்தது. நிமிர்ந்தார்.

“பெட்டியைக் கட்டுய்யா. அங்கே போய்ப் பெரிசா செஞ்சு பார்ப்போம்.”

சார் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

“போதும்மா, நிறுத்து” என்றார் அதிகாரி.

“சட்டி இன்னும் சரியாப் பழகலைங்க” என்று பொய் சொல்லிவிட்டுச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். என் கை நின்றால் ஜீப் கிளம்பிவிடும்.