தேன்கனிக்கோட்டைக்குப் போன மானிட்டர்

வண்டி ஓட்டத் தெரியாத பெண்களில், ஓட்ட ஆசைப்படாதவள் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் டிசைன் செக்‌ஷன் ஆட்கள் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவார்கள். நான் டிபன் பாக்ஸும் கையுமாகப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே முடியாத ரோடு. "நீயும் ஒரு ரவுண்டு ஓட்டும்மா" என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. (வீட்டிலும் அப்படித்தான். அண்ணனின் மொபெட்டைத் துடைக்க விடுவார்கள். ஸ்டார்ட் பண்ண விடமாட்டார்கள்.)

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துச் சம்பாதிக்கலாம் என்று அத்தாவிடம் சொன்னேன். (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) அத்தா நம்பினார். நானும் காசிம் அண்ணனும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம்.

கம்ப்யூட்டர் கடைக்காரரின் முதல் கேள்வியே என்னை மடக்கியது. "ஆட்டக்கா, கெலசக்கா?" விளையாடவா, வேலைக்கா என்று கேட்கிறார்.

"கெலசக்கே" என்றார் அண்ணன்.

"எரடக்கூ" என்றேன் மெதுவாக. இரண்டுக்கும்தான். கடைக்காரர் புரிந்துகொண்டு மேல் தட்டிலிருந்து விளையாட்டுக்கென்றே ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தார். நகைக்கடையில் நிற்பதுபோல் நின்றேன்.

"இது என்னாத்துக்கு?" அண்ணன் கேட்டார்.

"எழுத்து பளிச்சுனு தெரியும்ணே."

"சரி, இவ்ளோ பெரிய ஸ்பீக்கரு? பத்திரிகைக்குச் சத்தம் எதுக்கு புள்ள?"

"தப்பா அடிச்சா அது சொல்லும்ணே."

அண்ணன் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் கேபினெட்டை வாளி வாங்குவதுபோல் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்குது" என்றார். கடைக்காரர் எல்லாவற்றையும் உள்ளே மாட்டி, அந்த கார் ரேஸையும் போட்டு, ஆன் பண்ணியதும் தானாக வரும்படி செய்து கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லாத கூட்டம். ஓசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் பஸ் வந்ததும், எல்லாரும் ஜன்னல் வழியே துண்டு போட்டார்கள். அண்ணன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மானிட்டர் பெட்டியை முன் சீட்டில் வைத்தார். "சீட்டு புடிச்சாச்சு! கேபினெட்ட தூக்கிட்டு வா, ஷமீ!"

நாங்கள் பின்படிக்கு வந்து சேர்வதற்குள் பஸ் நிரம்பி நகர்ந்துவிட்டது. எங்கள் மானிட்டர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்து ஊருக்குப் போனது.

அடுத்த பஸ்ஸில் வந்து ஓசூரில் இறங்கி விசாரித்தால், அந்த வண்டி தேன்கனிக்கோட்டைக்குக் கிளம்பி வெகுநேரம் ஆகிவிட்டதாம். வீட்டில் அத்தாவும் அம்மாவும் புதுப் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் இருப்பதை மாட்டினோம். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. ஸ்பீக்கரிலிருந்து கார் உறுமியது.

"படம் எப்பம்மா வரும்?" என்றார் அத்தா.

"பஸ்ஸுல வருது" என்றார் அண்ணன், தலை குனிந்தபடி.

வரவில்லை. அண்ணன் ஓயாமல் டெப்போவுக்கு அலைந்தார். நான் தினமும் வேலை முடிந்து வந்து, மானிட்டர் இல்லாத மேஜை முன் உட்கார்ந்து ஓட்டினேன். ஆபீசில் பின்னால் நின்று நின்று எந்த பட்டனுக்குப் பிறகு எந்த பட்டன் என்பது மனப்பாடமாகியிருந்தது. டயர் கிறீச்சிட்டால் திருப்பம். டமால் என்றால் சுவர். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருக்கும்மா அடி?" என்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். கடல் வராது, நான் கடலைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தளி ரோடுதான் வரும். பனி, முட்டைக்கோஸ் தோட்டம், மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. காரில் நான் மட்டும். எங்கே போகிறாய் என்று கேட்க யாரும் இல்லை.

கடைசியில் மானிட்டர் தேன்கனிக்கோட்டையில் ஒரு டீக்கடையில் கிடைத்தது. கண்டக்டர் அங்கே கொடுத்து வைத்திருக்கிறார். டி.வி. என்று நினைத்த டீக்கடைக்காரர், ஆண்டெனா எங்கே சொருகுவது என்று தெரியாமல் ஊரையே கூட்டிக் கேட்டிருக்கிறார்.

மாட்டினோம். முதல்முறையாகப் படம் வந்தது. வழக்கம்போல் ஓட்டினேன். கார் முதல் திருப்பத்திலேயே சுவரில் மோதி, வந்த வழியே திரும்பி ஓடியது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார்: "ராங்... வே."

இத்தனை நாளும் நான் போன ரோடு அதுதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்காக இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அந்த ரோடு இவ்வளவு சின்னதாக இருந்ததே, அதற்காக.

இப்போது சொந்தக் கார் இருக்கிறது. நானேதான் ஓட்டுகிறேன். இண்டிகேட்டர் போடுவதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து அண்ணன், "ராங் வே, ராங் வே" என்று ஆரம்பித்துவிடுவார். பின் சீட்டில் என் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். நானும் சிரிப்பேன். ஆனாலும் தளி மேட்டில் வண்டி ஏறும்போது, ஒரே ஒரு நொடி கண்ணை மூடிப் பார்க்கலாமா என்று இருக்கும்.