தானாகக் கட்டிக்கொண்ட காப்பு

நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்பவர்களிடம், மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் எப்படி நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊரில் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

விளக்க எனக்கு உரிமை இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வாரத்துக்கு மேல் இருந்த முதல் ஆள் நான். நைனா அதன் வெளிப்பக்கத்தை நன்றாக அறிவார்; சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் அவர். அக்கா மஞ்சுளா சரியாக ஒரு வாரம் போனாள். அப்புறம் நான் பிறந்தேன். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் படிப்பாளி ஆனேன் என்று சொல்லலாம்.

திருப்பதியில் டிகிரி முடித்து, அங்கேயே ஒரு பெரிய துணிக்கடையின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் சோஷியல் மீடியா பேஜ்களைப் பார்த்துக்கொள்வது வேலை. சேர்ந்த முதல் வாரமே ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு மாதத்துக்கான போஸ்ட்களை ஒரே நாளில் எழுதி, தேதியும் மணியும் கொடுத்து வைத்துவிட்டால், அவை தாமாகவே வெளியாகும். நான் நாகலாபுரம் பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது, திருப்பதியில் நான் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருப்பேன். எனக்கு அது கிட்டத்தட்ட தெய்வசக்தியாகத் தெரிந்தது. (தெய்வத்துக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் மீதிக் கதை.)

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்கென்று ஒரு பேஜ் ஆரம்பித்ததும் நான்தான். வைகாசியில் கங்கையம்மனுக்கு ஜாத்திரை. அதற்கு எட்டு நாள் முன்னால் காப்பு. பூசாரி அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டி, ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டால், அதோடு தீர்ந்தது. ஊருக்குள் நல்ல காரியம் எதுவும் நடக்கக் கூடாது. யாரும் தாளிக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வெளியூர்க்காரர் எல்லைக்குள் கால் வைத்துவிட்டால், ஜாத்திரை முடிகிற வரை திரும்பிப் போகக் கூடாது. மீறினால் அம்மை போடும். இதை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் உண்டு. மீறியவர்கள் கிடையாது.

அந்த வருஷம் வைகாசி மூன்றாம் ஞாயிறு காப்பு என்று பூசாரி முனுசாமி மாமா சொன்னார். நான் உடனே ஹாஸ்டல் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழு ஜாத்திரையையும் ஒரே மத்தியானத்தில் நடத்தி முடித்தேன். காப்பு, விதிமுறை, பொங்கல், வீதியுலா என்று ஒன்பது போஸ்ட். ஒவ்வொன்றும் முதலில் தமிழில். அரை மணி கழித்துத் தெலுங்கில். ஆகப் பதினெட்டு. எல்லாவற்றின் கீழும் "இப்படிக்கு, பூசாரி மற்றும் ஊர்ப் பொதுமக்கள்" என்று போட்டேன். (பூசாரியையும் கேட்கவில்லை, ஊர்ப் பொதுமக்களையும் கேட்கவில்லை.)

பத்து நாள் கழித்து ஊரில் ஒரு பெரியவர் தவறிப்போனார். தீட்டு என்று ஜாத்திரையை ஆடிக்குத் தள்ளி வைத்தார்கள். தண்டோரா போட்டு ஊருக்குச் சொன்னார்கள். எனக்கும் அம்மா போனில் சொன்னாள். "சரிம்மா" என்றேன். முன்கூட்டியே போட்டு வைப்பதன் பெருமையே, அதைப் பற்றி மறந்துவிடலாம் என்பதுதான். அந்த வசதியை நான் முழுமையாக அனுபவித்தேன்.

இந்தச் சமயத்தில் அக்காவுக்கு நகரிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரகாஷ், விசைத்தறி ஓட்டுகிறவர். இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து கலைந்திருந்தது. ஒன்று ஜாதகம், இன்னொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. அக்கா கம்பெனி கேண்டீனில் காலை ஷிப்ட் முடித்து வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் துணி துவைப்பாள். இந்த இடம் வந்தபிறகு துவைக்கும்போது முணுமுணுவென்று பாட ஆரம்பித்திருந்தாள். இதுவும் கலைந்தால் அவள் இன்னொரு முறை பெண் பார்க்க உட்கார மாட்டாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வைகாசிக்குள் நிச்சயத்தை முடிக்க வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். மிச்சமிருந்த ஒரே முகூர்த்த ஞாயிறு, ஜாத்திரை தள்ளிப்போனதால் காலியான அந்த மூன்றாம் ஞாயிறு.

"பாத்தியாடி, அம்மனே நமக்கோசரம் நாளு ஒதுக்கிக் குடுத்துக்கீது" என்று நைனா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

நிச்சயத்தன்று காலையில் அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். போன், போட்டோ எடுப்பதற்காகச் சித்தியிடம் இருந்தது. கொல்லையில் அம்மா இருபத்தைந்து பேருக்குச் சாம்பார் தாளித்தாள். பெருங்காய வாசனை தெருவெல்லாம் போனது. அதைப் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டுக் குப்பம்மா அத்தை ஓடிவந்தாள்.

"அடியே அடுப்ப அணைங்கடி! காப்பு கட்டிட்டாங்களாம், நீ இன்னா தாளிச்சிக்கினு கீறே?"

"யாரு கட்டுனது? ஜாத்திரதான் ஆடிக்குன்னாங்களே!" என்றாள் அம்மா, கரண்டியோடு.

"போன்ல வந்துக்கீதுடி! மெட்ராஸ்லருந்து எம் பையன் பண்ணான். லீவு சொல்லிட்டு பஸ் ஏறக் கெளம்பிட்டானாம்."

என் கையிலிருந்த ஹேர்பின் அக்காவின் தலையில் எங்கே போய்க் குத்தியதோ, அவள் "ஆ" என்றாள். மணி எட்டு நாற்பது. சித்தியிடமிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அம்மன் படம், சிவப்பு எழுத்து: "காப்பு கட்டியாகிவிட்டது! இனி எல்லைக்குள் வரும் வெளியூரார் ஜாத்திரை முடியும்வரை திரும்பக் கூடாது." கீழே பூசாரி மற்றும் ஊர்ப் பொதுமக்கள். டிசைன் அருமையாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அழித்தேன். அவசரத்தில் முதலில் லைக் விழுந்தது, அப்புறம் அழித்தேன். அதற்குள் அது பாதி ஊரின் ஸ்டேட்டஸில் ஏறியிருந்தது. கழுத்தில் சுரீர் என்று அரித்தது. அம்மை ஆரம்பித்துவிட்டது என்று முடிவு செய்தேன். (மல்லிகைச் சரத்தில் வந்த எறும்பு. ஆனால் அப்போது தெரியாது.)

நைனாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா.

"சம்பந்தி, நாங்க எல்லைக்கிட்ட வந்துட்டோம். உள்ள வரமாட்டோம். இன்னாங்க இது, நிச்சயத்துக்குக் கூப்ட்டு எட்டு நாளு எங்கள அடைச்சி வைக்கப் பாக்கறீங்களா?"

நைனா போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "மோனி, இது நீ நடத்துற பேஜுதானே?"

இப்போது நான் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊரிலேயே படித்தவள் நான். படித்தவள் தப்பு செய்யமாட்டாள் என்று எல்லோரையும் நம்ப வைத்தவளும் நான்தான்.

"ஹேக் பண்ணிட்டாங்க நைனா."

"அப்டின்னா?"

"யாரோ வேணும்னே பேஜுக்குள்ள பூந்து போட்டுட்டாங்க."

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு எல்லைக்கு ஓடினார். நானும் ஓடினேன். பின்னாலேயே, பட்டுப் புடவையோடு அக்காவும் வந்தாள்.

எல்லையில் இரண்டு வேன் நின்றிருந்தது. பெரியப்பா எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கட்டைவிரல் கூட இந்தப் பக்கம் நீளாதபடி கவனமாக நின்றார். முனுசாமி மாமா அவரிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார். "நான் கட்டவே இல்லங்க! தோரணம் கீதா பாருங்க!"

"உங்க பேரு கீழ போட்டுக்கீதே!"

"யாரோ வேணும்னே போட்டுட்டாங்களாம் சம்பந்தி" என்று நைனா மூச்சு வாங்கச் சொன்னார். சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று நினைத்தார் பாவம்.

பெரியப்பாவின் முகம் மாறியது. "வேணும்னேவா? அப்போ இந்தச் சம்பந்தம் நடக்கக் கூடாதுன்னு யாரோ வேல செய்றாங்க."

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "சூனியமே வெச்சிருப்பாங்க" என்றது. சாதாரண மறதியாக இருந்தது, என் ஒரே பொய்யால் சூனியமாகிவிட்டது.

சரியாக ஒன்பது மணி. வேன் டிரைவர் தன் போனைப் பார்த்து, "ஓரி தேவுடா, மள்ளி வச்சிந்தி!" என்று கத்தினார். மறுபடியும் வந்துவிட்டதாம். தெலுங்குப் போஸ்ட்! தமிழை அழித்தேனே தவிர, தெலுங்கு ஒன்று வரிசையில் நிற்பதை மறந்திருந்தேன். டிரைவர் அதை நிறுத்தி நிதானமாக, நல்ல உச்சரிப்போடு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். தமிழைவிடத் தெலுங்கில் இன்னும் பயங்கரமாக இருந்தது.

"வண்டிய திருப்புப்பா" என்றார் பெரியப்பா. "அபசகுனம் ரெண்டு பாஷைல வந்திச்சி. இதுக்கு மேல இன்னா வேணும்?"

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் வைத்த பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "மோனி," என்றாள் மெதுவாக, "யாருடி இப்டி பண்ணிருப்பாங்க? நாம யாருக்கு இன்னா கெடுதல் பண்ணோம்?"

அம்மையை விட, பெரியப்பாவை விட, அந்தக் கேள்விக்கு நான் அதிகம் பயந்தேன். வேனின் இன்ஜின் உறுமியது. நான் ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றேன்.

"நான்தாங்க போட்டேன்!"

இன்ஜின் நின்றது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: ஒரு மத்தியானத்தில் பதினெட்டு போஸ்ட், தேதி, மணி, மறதி, ஹேக் என்ற பொய். தாமாகவே வெளியாகும் என்பதைப் பெரியப்பாவுக்குப் புரியவைக்க மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறையாக அந்த விளக்கத்தைச் சொல்ல எனக்குப் பெருமையாக இல்லை. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லி முடிப்பதற்குள் என் கையிலேயே போன் டிங் என்றது. ஒன்பதரை: "காப்பு விதிமுறைகள்: யாரும் தாளிக்காதீர்!"

அக்கா என்னை அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் எத்தினி பாக்கி கீது?" என்றாள்.

"பதினஞ்சி."

"எம் முன்னாடி அழி."

எல்லையில் நின்று ஒவ்வொன்றாக அழித்தேன். படிக்கத் தெரியாத அக்கா விரல் விட்டு எண்ணினாள். முனுசாமி மாமா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

"இரு இரு. 'வீதியுலாவில் அம்மன் அருளால் சிலுசிலுவெனத் தூறிய மழை'யா? இன்னும் நடக்காத ஜாத்திரைக்கு மழையே பேஞ்சிடுச்சா?"

"போன வருஷம் பெஞ்சுது மாமா. அதான்..."

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை பிரகாஷ் இறங்கினார். அதுவரை அவர் குரலையே நாங்கள் கேட்டதில்லை.

"பெரிப்பா, காப்பு நிஜமாவே இருந்தாலும் பரவால்ல. எட்டு நாளு உள்ள இருக்கணும்னா நான் இருந்துக்கறேன். சோறு போடுவாங்க இல்ல?"

"தறிய யாருடா ஓட்டுவாங்க, உங்க மாமனாரா?" என்றார் பெரியப்பா. ஆனால் 'மாமனார்' என்று சொல்லிவிட்டார். நைனா தலையை நிமிர்த்தினார்.

ஆனாலும் பெரியப்பா எல்லைக் கல்லைத் தாண்ட மறுத்துவிட்டார். அம்மன் பேரில் ஒரு சொல் வெளியே வந்துவிட்டால், அதை ஒரு சின்னப் பெண் விரலால் அழித்துவிட முடியாது என்றார். முனுசாமி மாமாவும் தலையாட்டினார். அவர்தான் வழி சொன்னார்: "அவுங்க உள்ள வரக் கூடாதுன்னா, நாம வெளிய போலாம். பொழுது சாய வூடு திரும்பிட்டா எந்தக் காப்பும் ஒண்ணும் பண்ணாது."

கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் பஸ் ஷெல்டர் இருந்தது. பாயும் தட்டும் வெற்றிலையும் பெஞ்சுக்கு வந்தன. அக்காவும் பிரகாஷும் "உரம் வாங்க அணுகவும்" விளம்பரத்துக்கு அடியில் உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் சத்தியவேட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "எக்கடிக்கி போவாலி?" என்றார். எங்கே போகணும் என்று கேட்டவருக்குச் சித்தி சந்தனம் பூசிவிட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக அட்சதை போட்டார்கள். சாம்பாரையும் தூக்கி வந்து அங்கேயே பரிமாறினோம். தாளித்ததுதான். பெரியப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றார்.

எனக்கு முனுசாமி மாமா ஒரு தண்டனை விதித்தார். ஆடியில் நிஜமாகவே காப்பு கட்டியபோது, காலையிலிருந்து சாயந்திரம் வரை எல்லையில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "இது நிஜம்ங்க" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் தோரணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இப்போதும் வீட்டில் எந்தச் சேதி வந்தாலும் நைனா, "தானா வந்துதா, மோனி போட்டதா?" என்று கேட்பார். எனக்கு வரன் பேச்சு எடுத்தால் பிரகாஷ் மாமா, "மண்டபம் வேணாம், நம்ம ஷெல்டர் காலியாத்தான் கீது" என்பார்.

போன மாதம் அக்காவைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிரசவத்துக்கு டாக்டர் தேதி சொல்லியிருக்கிறார். அன்று சாயந்திரமே பிரகாஷ் மாமா போன் செய்தார்.

"மோனி, தேதி குடுத்துட்டாங்க. தயவு பண்ணி நீ முன்னாடியே எதையும் போட்டு வெச்சிடாத. கொழந்த அது நேரத்துக்கு வரட்டும்."

"ச்சே, என்ன மாமா, நான் அப்படிப் பண்ணுவேனா?" என்றேன்.

(போட்டு வைத்திருந்தேன். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இரண்டு மொழியிலும். போனை வைத்ததும் நாலையும் அழித்தேன். அக்காவைப் போல விரல் விட்டு எண்ணித்தான்.)