பதினாறாவது வரிசை

“ஏம்மா, எங்க டாக்டர் பல் எடுப்பாங்களா, பல எடுப்பாங்களா?”

ஆஸ்பத்திரி ஆயா சவரியம்மாள் கையில் விளக்குமாற்றோடு அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வானதியும் அண்ணாந்தாள். சற்று முன்புதான் வாசலுக்கு மேலே மாட்டிய மின்பலகையில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

‘வலி இலலாமல பல எடுககபபடும. சுததமான சிகிசசை.’

எந்த எழுத்தின் தலையிலும் புள்ளி இல்லை.

மயிலாடுதுறையில் டாக்டர் பிரின்ஸியின் பல் ஆஸ்பத்திரிக்கு மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. இப்போது மணி இரண்டு.

தஞ்சாவூரில் மீரா உசேன் பாய் நடத்தும் சின்னப் பட்டறையில் வானதிதான் இன்ஜினியர். மின்பலகையின் விளக்குகளை வரிசை வரிசையாக ஏற்றி அணைக்கிற சர்க்யூட் அதுவரை டிபன் கேரியர் அளவுக்குப் பலகையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து அதை ஒரு பிஸ்கட் அளவுக்குச் சுருக்கியிருந்தாள். ஒன்பது சிப் செய்த வேலையை ஒரே சிப் செய்தது. ஒரு சின்னக் குறை: பலகையில் விளக்கு வரிசைகள் பதினாறு, அவற்றுக்குக் கம்பி இணைக்கச் சிப்பில் மிச்சமிருந்த கால்கள் பதினைந்து. ‘உச்சி வரிசையில் என்ன இருக்கப்போகிறது, வெறும் ஓரம்தானே’ என்று அதை விட்டுவிட்டாள். ‘WELCOME’ என்று ஓட்டிப் பார்த்தபோது அட்சர சுத்தமாக ஓடியது. ஆங்கிலத்துக்குப் புள்ளி எதற்கு?

“என்னம்மா, எறக்கிடவா?” என்றார் ஏணி மேலிருந்த எலக்ட்ரீஷியன் துரைக்கண்ணு.

“வேணாங்கண்ணே! சிங்கப்பூர்லேருந்து ஆள் வந்துக்கிட்டே இருக்காரு.”

அதுதான் பெரிய பயம். ஜெகபர் அலி என்பவர் சிங்கப்பூரில் லிஃப்ட் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். சர்க்யூட் வாங்கும் முன் பலகை ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் ஆர்டர் கொடுக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு அதிராம்பட்டினத்தில் டிவி விற்கப் போவதாக மீரா உசேன் பாய் காலையில் போனில் சொல்லிவிட்டார். திருப்பனந்தாள் பக்கத்தில் வானதியின் அப்பா தியாகராசன், ஆடி பாதி போயும் ஆற்றுத் தண்ணீர் வராத வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டறையை மூடினால் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை வானதிக்கு மாப்பிள்ளை தேடுவதுதான்.

வாசலில் போட்டிருந்த சாமியானாவில் இலவசப் பரிசோதனைக்காக முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயி பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். எழுந்து துண்டை உதறினார்.

“எனக்கு ஒன்னுதாம்ப்பா ஆடுது” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அப்போது தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்கண்ணாடி நான்கு விரல் இறங்கியது. தங்க ஃபிரேம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முகம் தெரிந்தது. ஜெகபர் அலிதான் என்று வானதி ஓடினாள்.

“வாங்க சார். நான் வானதி...”

“நீங்க வேலையப் பாருங்கம்மா. வெயில் தாங்கல. நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன்.”

கண்ணாடி ஏறிக்கொண்டது. அதன் பின்னாலிருந்து ஒரு கேமரா பளிச்சென்று மின்னியது. ‘பல எடுககபபடும’ படமாகிவிட்டது.

வானதி பாய்க்குப் போன் போட்டாள்.

“பாய், அவரு வந்துட்டாரு. போர்டுல சின்னத் தப்பு.”

“ஏசுறாரா?”

“இல்ல, பேசவே மாட்டேங்கறாரு.”

“அல்லாவே! பிடிக்கலன்னா அவரு ஏச மாட்டாரும்மா. பேசாம எந்திரிச்சுப் போயிருவாரு. எதையாவது பண்ணு!”

படிக்கட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வானதி யோசித்தாள். மேலே இடமில்லை என்றால் எழுத்தையெல்லாம் ஒரு வரிசை கீழே இறக்கினால் போயிற்று. புள்ளி தப்பிவிடும். புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றிச் சிப்பில் ஏற்றினாள். துரைக்கண்ணு சுவிட்சைப் போட்டார்.

புள்ளிகள் எல்லாம் வந்துவிட்டன. ‘வலி இல்லாமல் பல் எடுக்கப்படும்’ என்று பலகை தெளிவாக ஓடியது. வானதி மூச்சு விட்டாள். பிறகு மீதி வந்தது.

‘சத்தமான சிகிச்சை.’

‘சு’வின் வால் பலகையில் ஒரே ஒரு விளக்கு உயரம்தான். எழுத்து கீழே இறங்கியதில் வால் பலகைக்கு வெளியே போய்விட்டது.

“உள்ளதத்தானம்மா போட்டிருக்கு” என்றாள் சவரியம்மாள். “உள்ள ஒரு மிஷின் வாங்கி வச்சிருக்காங்க. காலைல ஓட்டிப் பாத்தாங்க. நெல்லு மிஷின் தோத்துது.”

அதை முன்வரிசை கேட்டது. ஐந்தாறு நாற்காலிகள் காலியாயின. எதிரே கேமரா மறுபடி மின்னியது. இந்த முறை அவர் ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதுவதும் தெரிந்தது.

‘தப்பை எல்லாம் வரிசையாகக் குறித்துக்கொள்கிறார்’ என்று நினைத்தாள் வானதி.

இனி ஒரே வழிதான். பதினாறாவது வரிசைக்கு எங்கிருந்தாவது ஒரு கால் வேண்டும். சிப்பில் எழுத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு என்று ஒரு கால் இருந்தது. வேகம் எதற்கு? அது பாட்டுக்கு ஒரே சீராக ஓடட்டுமே!

“அண்ணே, பத்தவைக்கணும். பலகையச் சாய்ச்சுப் பிடிங்க.”

ஏணியின் உச்சியில் நின்று, ஈயம் உருக்கி, ஒரு கம்பியைக் கழற்றி இன்னொன்றை வைத்தாள். புரோகிராமையும் அதற்கேற்ற மாதிரி திருத்தினாள். மணி நாலரை. தெருமுனையில் நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“போடுங்கண்ணே.”

பதினாறு வரிசையும் எரிந்தன. வலது ஓரத்திலிருந்து முதல் சொல் வந்தது. பலகையின் நடுவுக்கு வந்தது. அடுத்த சொல் நுழைவதற்குள் அங்கேயே நின்றுவிட்டது.

முதல் சொல்லை மட்டும் பழைய வேகத்தில் ஓட்டிய சிப், வேகத்தின் கால் போனது தெரிந்ததும் வேகம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. புதுப் பல் ஆஸ்பத்திரியின் வாசலுக்கு நேர் மேலே, முழு வெளிச்சத்தில், ரத்தச் சிவப்பில் ஒரே ஒரு சொல் எரிந்தது.

‘வலி.’

சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். கேமரா மூன்று முறை மின்னியது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் பிரின்ஸி பட்டுப்புடவையில் காரிலிருந்து இறங்கினார். பலகையைப் பார்த்தார். வானதியைப் பார்த்தார்.

பொய் சொல்லலாம், கரண்ட் கோளாறு என்று சொல்லிவிடலாம். வானதிக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் எட்டு மாத உழைப்பை ஒரு பொய்யில் மறைக்க மனம் வரவில்லை. வயரைப் பிடுங்கினாள். பலகை இருண்டது.

“டாக்டர், தப்பு என்னோடதுதான். ஒரு வரிசை போதாம டிசைன் பண்ணிட்டேன். ரெண்டு நாள் குடுங்க, வேற சிப் போட்டு நானே வந்து மாட்டித் தர்றேன். இன்னிக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “நல்லவேளை, சர்ச் ஃபாதர் திறந்து வைக்க வர்றதுக்குள்ள அணைச்சீங்க. ரெண்டே நாள்தான், சரியா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வானதி படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப்பை மூடினாள். நாளைக்கே அப்பா ஜாதகக் கட்டை எடுத்துவிடுவார்.

காரின் கதவு திறந்தது. ஜெகபர் அலி இறங்கித் தெருவைக் கடந்து வந்தார். பேசாமல் போகப்போகிறவர் எதற்கு இவ்வளவு தூரம் நடந்து வருகிறார் என்று புரியாமல் அவள் எழுந்து நின்றாள்.

“இவ்ளோ வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி யாரும் காட்டினதில்லம்மா” என்றார் அவர். “கேக்காமலே எழுத்தைக் கீழ எறக்கிக் காட்டினீங்க. ஓடிக்கிட்டே இருந்தத நட்ட நடுவுல நிறுத்தி, ஒரே வார்த்தைய பளிச்சுனு எரிய விட்டீங்க. அதுவும் வாசல்லயே உக்காந்து, கைவேலையா! எங்க லிஃப்டுக்கு எத்தனாவது மாடின்னு நம்பர் காட்டினாப் போதும். இருநூறு சர்க்யூட் வேணும். பாய்கிட்ட நானே பேசிடறேன்.”

வானதி அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தாள்.

“சார்... அது ஒன்னும் செஞ்சு காட்டினது இல்ல சார். எல்லாம் தப்பு. நீங்கதான் படிச்சுப் பாத்தீங்களே?”

ஜெகபர் அலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“பொறந்தது, வளந்தது எல்லாம் சிங்கப்பூர்லதாம்மா. தமிழ் எனக்குப் பேச மட்டுந்தான் வரும். ஆமா, அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?”