எட்டடி ஆறு

ஆற்றின் நீர்மட்டத்தைத் தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். பாலத்தூணில் அடி அடியாகக் கோடு போட்ட பலகை ஒன்றை அறைந்திருந்தார்கள். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அன்றைய அளவு. பன்னிரண்டைத் தொட்டால் அலுவலகத்தில் அபாயச் சங்கு ஊதுவார்கள். கரையில் குடியிருக்கிற நாங்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட வேண்டும். அந்த வேலையோடு கரையில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒழுகுகிற சமையலறை. வேலை இருக்கிற வரைக்கும் வீடு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நிலைத்தன்மை வந்தது.

அது எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் எல்லா அலுவலக வாசலிலும் 'ஏற்றமும் வேண்டாம், இறக்கமும் வேண்டாம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மருத்துவமனையில் யார் போய் உட்கார்ந்தாலும் ஒரே ரத்த அழுத்தம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அறுபது மதிப்பெண். தொண்ணூறு வாங்கிய பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி நாகரிகம் தெரிந்தவள் ஆயிற்றே, அவளும் ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்தாள். எனக்கு இறுக்கிப் பிடிக்கிறது என்று சொன்னேன். "சட்டை நிலையாத்தான் இருக்கு அக்கா, உங்க உடம்புதான் ஏறி இறங்குது" என்றாள்.

அந்த மாதமே நிலைத்தன்மை அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பு குமாஸ்தாவாக இருந்தவர். என் வீட்டுக்காரர் சேர்வதற்கு முன் மூன்று வருஷம் அந்த வேலை காலியாகக் கிடந்தது. இந்தக் குமாஸ்தாதான் அலுவலக நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் தினமும் 'எட்டு அடி' என்று எழுதி வைத்தார். அந்த மூன்று வருஷத்தைத்தான் இப்போது ஆற்றின் பொற்காலம் என்கிறார்கள். அதற்காகவே அவருக்குப் பதவி உயர்வு.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தேநீர் வைத்தேன்.

"உங்களுக்கு முன்னாடி மூணு வருஷம் எட்டடியில நின்னிருக்கு. நீங்க வந்ததும் அஞ்சு, பத்து, ஏழு, பதினொண்ணு! ஆத்தை என்னய்யா பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். போய்ப் பார்த்து எழுதுறேன், அவ்வளவுதான்."

"அதான் சொல்றேன். யாரும் போய்ப் பார்க்காத வரைக்கும் அது ஒழுங்காத்தானே இருந்துச்சு?"

"மழை பெஞ்சா ஏறுது சார்."

"மழை வேற துறை. அதைப் பத்தி நாம பேசக் கூடாது."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, பேச்சு கோணலாகும். "அப்ப ஒண்ணு செய்யுங்க சார். பலகையைத் தூண்லேருந்து பிடுங்கி, ரெண்டு பீப்பாய்ல கட்டித் தண்ணியில மிதக்க விடுங்க. தண்ணி ஏறினா பலகையும் கூடவே ஏறும். ஆயுசுக்கும் எட்டுதான்."

அலுவலர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ரெண்டு பீப்பாய் போதுமா?"

ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. பலகை மிதந்தது. இனி அதைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்று என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றார். மனுஷர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை.

"ஊர்ல ஒருத்தருக்கும் இல்லாத அக்கறை உங்களுக்கு மட்டும் எதுக்கு? நாளைக்கு வீட்டைக் காலி பண்ணுன்னா நான் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல நிக்கிறது?"

போட்டார்.

அந்த வருஷம் மழை பிடித்தும் சங்கு ஊதவில்லை. தெருவே சந்தோஷப்பட்டது. மாடிக்கு மூட்டை சுமந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அலுவலருக்கு நன்றிக் கடிதம் கொடுத்தார்கள். "ஆறு இப்ப எவ்வளவு அடக்கமாப் போகுது பாருங்க" என்றார் முடிதிருத்துகிறவர். ஆறு அப்போது அவர் கடையின் கடைசிப் படியை நக்கிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் தொலைபேசியில் கத்தினார்.

"சார், சங்கை ஊதுங்க!"

"பலகை என்ன காட்டுது?"

"எட்டு."

"அப்புறம் என்ன?"

"தண்ணி என் இடுப்பு வரைக்கும் நிக்குது சார்!"

"உங்க இடுப்பை அளக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லையே."

போனை எறிந்துவிட்டு, கூரையிலிருந்து சரிந்த தகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டிக்கொண்டே ஓடினார். தையல்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எட்டுன்னுதானே எழுதியிருக்கு, ஏன் அண்ணா கலவரப்படுத்துறீங்க?" என்றாள். அவளை மிஷினை விட்டுப் பிரித்து இழுத்து வர வேண்டியிருந்தது. முடிதிருத்துகிறவரை முதுகில் சுமந்தார். தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வீடுகள்தான் போயின. எங்கள் வீடு முதலில் போயிற்று.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் அலுவலர் விசாரணைக்காகப் பள்ளிக்கூட மாடிக்கு வந்தார். காலில் சேறு படாமல் நின்று வாசித்தார்: "பதிவேட்டின்படி ஆறு எட்டடியைத் தாண்டவில்லை. ஆயினும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தமைக்குச் சாட்சியம் உள்ளது. ஆகவே, ஆற்றங்கரை வீடுகள் அனைத்தும் முன் அனுமதி பெறாமல் ஏழடி கீழே இறங்கியுள்ளன எனத் தீர்மானிக்கப்படுகிறது."

இது முதல் தடவை என்பதால் மன்னிப்பு உண்டாம். 'என் வீடு தானாகவே இறங்கியது' என்று எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு மேட்டில் புது வீடு. ஆறு ஏறியது என்கிறவர்களுக்கு அப்படி ஒரு சம்பவமே பதிவில் இல்லாததால் வீடும் இல்லை.

தையல்காரிதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். "இப்ப யோசிச்சா, அன்னைக்குக் காலையிலேயே தரை கொஞ்சம் தணிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு." முடிதிருத்துகிறவர், தன் கடை இறங்குகிற சத்தத்தையே காதால் கேட்டதாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அவர் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினேன். எழுதத் தெரிந்த மனுஷர். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேட்டு வீடு நல்ல வீடுதான். சமையலறை ஒழுகவில்லை. அவர் மட்டும் வாசலில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், "ஏறினது ஆறுதான்யா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் தெருக்காரர்கள் ஒன்றாக வந்தார்கள். தையல்காரிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அண்ணனுக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல. எங்க உயிர் அவர் போட்ட பிச்சை, இல்லேங்கல. ஆனா பிள்ளைங்க நடமாடுற தெரு. கொஞ்சம் உள்ளேயே வச்சுப் பார்த்துக்குங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்தினேன்.